ஒரே பெயர், ஆறு சோதனைகள்: மருத்துவக் கலைச்சொற்களைச் சீராக்கப் போய்க் கற்றவை

ஆறு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளை ஒரே திரையில் காட்டும் அமைப்பு இயங்கத் தொடங்கிய இரண்டாவது வாரம், இரவுப் பணியில் இருந்த மருத்துவர் ஒருவர் எங்களை அழைத்தார். "இந்த நோயாளிக்கு க்ளுக்கோஸ் 5.6 என்று சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. அவரோ என் முன்னால் உட்கார்ந்து நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார். திரையைத் திறந்து பார்த்தேன். 112, 108, 101 என்று சீராக வந்த கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து 5.6-இல் நின்றிருந்தது. முதல் மூன்று மதிப்புகளும் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டவை. நான்காவது வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்தது. முதல் ஆய்வகம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அறிக்கை தரும். இரண்டாவது, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று தரும். மில்லிமோல் கணக்கை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். அப்படிப் பார்த்தால் 5.6 என்பது ஏறத்தாழ 101. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு எங்கள் பட்டியலில் இருந்தது.

இரண்டு கோப்புகளிலும் சோதனையின் பெயர் 'க்ளுக்கோஸ்' என்றே இருந்தது. அதனால் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டோம். நான் மென்பொருள் துறையிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். கலைச்சொற்களைச் சீராக்குவது என்பது அகராதி வேலை, இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீட்டைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அலகு என்ற கட்டம் ஒரு கோப்பில் காலியாக இருந்ததைப் பார்த்தும், "எல்லோரும் ஒரே அலகைத்தானே பயன்படுத்துவார்கள்" என்று கடந்து போனதும் நானேதான்.

மறுநாள் காலையில் அந்த இரண்டாவது ஆய்வகத்துக்கே நேரில் போனேன். மூத்த நுட்புநர் ஒருவரிடம், "இங்கே க்ளுக்கோஸ் என்று அனுப்புகிறீர்களே, அது எந்தச் சோதனை மேடம்?" என்று கேட்டேன். "எந்த க்ளுக்கோஸைக் கேட்கிறீர்கள் சார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு மேசையில் இருந்த தாங்கியிலிருந்து ஒவ்வொரு குழாயாக எடுத்துக் காட்டினார். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் ஃப்ளூரைடு இருக்கிறது. இரத்த அணுக்கள் க்ளுக்கோஸைத் தின்று தீர்த்துவிடாமல் அது தடுக்கும். அதிலிருந்து எடுப்பது பிளாஸ்மா. வார்டில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் குளுக்கோமீட்டர் அளவும் அதே பெயரில்தான் கணினிக்குள் வருகிறது. முதுகுத்தண்டு நீரில் பார்த்த க்ளுக்கோஸும் அதே பெயரில் வருகிறது; மாதிரி எது என்பது குறிப்புக் கட்டத்தில் யாராவது தட்டச்சு செய்தால்தான் தெரியும். சிறுநீர் உண்டு, வெறும் வயிற்றில் எடுத்தது உண்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது உண்டு. ஆக, நாங்கள் ஒரே சொல்லாகக் கண்ட பெயருக்குப் பின்னால் ஆறு சோதனைகள் இருந்தன. அவற்றுள் முதுகுத்தண்டு நீரின் மதிப்பு, இயல்பான நிலையிலேயே இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். அதை இரத்தச் சர்க்கரையின் கோட்டில் வரைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கிய லோயிங்க் என்ற குறியீட்டுத் தொகுதியின் அமைப்பு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதில் ஒரு சோதனைக்கு ஆறு பகுதிகள் கொண்ட பெயர் உண்டு. எதை அளக்கிறோம், அதன் எந்தப் பண்பை அளக்கிறோம் (நிறையையா, மோல் எண்ணிக்கையையா), ஒரு கணத்தில் எடுத்ததா அல்லது 24 மணி நேரம் சேகரித்ததா, எந்த மாதிரி, விடை எண்ணாக வருமா தரவரிசையாக வருமா, எந்த முறை என்ற ஆறும் சேர்ந்துதான் ஒரு பெயர். சீரம் அல்லது பிளாஸ்மாவில் க்ளுக்கோஸின் நிறைச் செறிவு 2345-7. அதே மாதிரியில் மோல் செறிவு 14749-6. குளுக்கோமீட்டரில் நுண்குழாய் இரத்தம் 41653-7. இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று முதலில் சலித்துக்கொண்ட நான், குழாய் மூடியின் நிறத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பின் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம். எந்தச் சோதனைக்கும் பெயரை மட்டும் பார்த்துக் குறியீடு கொடுக்கக் கூடாது. மாதிரி, அலகு, உண்மையில் வெளிவந்த பத்து மதிப்புகள், அறிக்கையில் அச்சாகும் இயல்பு வரம்பு ஆகிய நான்கும் பக்கத்தில் இருந்தால்தான் கொடுக்க வேண்டும். இவற்றில் மிகவும் பயன்பட்டது அந்தப் பத்து மதிப்புகள்தான். அலகுக் கட்டம் பொய் சொல்லலாம், காலியாக இருக்கலாம். 90-க்கும் 140-க்கும் இடையில் ஓடும் எண்கள் தாங்கள் மில்லிமோல் அல்ல என்பதைத் தாமே சொல்லிவிடும்.

எண்ணும் அலகும் ஒத்துப்போய்ப் பொருள் மட்டும் வேறாக இருக்கும் இடம்தான் உண்மையில் அபாயமானது. டி-டைமர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டி இருக்கிறதா என்ற ஐயத்தை விலக்குவதற்கு மருத்துவர்கள் இதைக் கேட்பார்கள். சில சோதனைக் கிட்டுகள் இதை ஃபைப்ரினோஜன் சமான அலகிலும் வேறு சில டி-டைமர் அலகிலும் தருகின்றன. முதலாவது இரண்டாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு அறிக்கைகளிலும் அச்சாவது என்னவோ 'மில்லிலிட்டருக்கு நானோகிராம்' என்றுதான். ஃபைப்ரினோஜன் சமான அலகில் 500 என்பது வழக்கமாகப் பயன்படும் வெட்டெல்லை. மற்ற அலகில் 400 என்று வந்த விடை, அந்த எல்லைக்குக் கீழே பத்திரமாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது 800-க்குச் சமம். இது எங்களிடம் விபத்தாகும் முன்பே பிடிபட்டதற்குக் காரணம் எங்கள் திறமை அன்று. அந்த நுட்புநர் கிட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்து, "இதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொரு ஆய்வகத்திலும் சோதனைப் பட்டியலோடு கிட்டுத் தாள்களையும் கேட்டு வாங்கினோம். லோயிங்கில் இந்த இரண்டு அலகுகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. தனித்தனி என்று தெரிந்தவருக்குத்தான் அவை பயன்படும்.

கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் இதே வகைதான், ஆனால் அவ்வளவு வஞ்சகம் இல்லாதது. ஓரிடத்தில் 6.5 சதவீதம், வேறோரிடத்தில் மோலுக்கு 48 மில்லிமோல். இரண்டும் ஒரே நிலையைக் குறிக்கின்றன. எண்கள் இவ்வளவு தள்ளி இருப்பதால் தவறு நடந்தால் உடனே கண்ணில் படும்.

ஆய்வகத்தை முடித்துக்கொண்டு நோய்ப் பெயர்களுக்கு வந்தபோது சிக்கலின் தன்மையே மாறியது. எல்லா மருத்துவமனைகளிலும், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-யின் பத்தாம் பதிப்புக் (ஐசிடி-10) குறியீடுகள் இருந்தன. எனவே இங்கே வேலை எளிது என்று எண்ணினோம். ஐசிடி-யின் வேர், 1893-இல் ஜாக் பெர்டியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியல். எண்ணிப் பார்ப்பதற்காகப் பிறந்தது அது. எண்ணுவதற்கு ஒவ்வொரு நிகழ்வும் ஒரே பெட்டியில் விழ வேண்டும். எதிலும் அடங்காதவற்றுக்கு 'பிற', 'குறிப்பிடப்படாதது' என்ற பெட்டிகளும் வேண்டும். புள்ளிவிவரத்துக்கு இது சரியான ஏற்பாடு. ஆனால் ஒரு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி நினைத்ததைப் பதிவு செய்வதற்கு அது போதாது. அதற்காக உருவானது ஸ்னோமெட் சிடி. அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியின் தொகுப்பும் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையின் தொகுப்பும் இணைந்து 2002-இல் வெளிவந்த இதில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் இருக்கின்றன. ஒரு கருத்துக்குப் பல பெற்றோர் இருக்கலாம். வைரஸ் நிமோனியா நுரையீரல் நோயின் கீழும் வரும், வைரஸ் தொற்றின் கீழும் வரும். எந்தப் பக்கத்திலிருந்து தேடினாலும் கிடைக்கும்.

நாங்கள் செய்த பிழை, காப்பீட்டுக் கோரிக்கைக்காக இடப்பட்ட ஐசிடி குறியீட்டிலிருந்து ஸ்னோமெட் கருத்துக்குப் பின்னோக்கிப் போக முயன்றது. நுண்ணியதிலிருந்து பரந்ததற்குப் போகலாம். பரந்ததிலிருந்து நுண்ணியதை மீட்க முடியாது. பாலைத் தயிராக்குவதற்கு வழியுண்டு, தயிரைப் பாலாக்குவதற்கு இல்லை. 'குறிப்பிடப்படாத நீரிழிவு' என்று வந்த பதிவை 'இரண்டாம் வகை நீரிழிவு' என்று மாற்றியது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் 'பெரும்பாலும்' என்பது ஒரு தனி மனிதரின் பதிவில் எழுதக் கூடிய சொல் அன்று. அந்த மாற்றங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றோம்.

இன்னொன்றைச் சொல்வதற்கு எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. மருத்துவர்கள் தட்டச்சு செய்த பழைய குறிப்புகளிலிருந்து நோய்ப் பெயர்களை எடுக்க நான் ஒரு சிறு நிரல் எழுதினேன். பெயர்களை ஒப்பிட வசதியாக, முதல் படியிலேயே நிறுத்தற்குறிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். மருத்துவர்கள் ஒரு நோயை ஐயப்படும்போது அதன் முன்னால் ஒரு கேள்விக்குறி இடுவது வழக்கம். "? காசநோய்" என்று எழுதியிருந்ததெல்லாம் "காசநோய்" ஆகிவிட்டது. ஒரே ஒரு குறி போனதில், பரிசோதித்து இல்லை என்று விலக்கப்பட்டவர்கள்கூட எங்கள் பட்டியலில் நோயாளிகளாக நின்றார்கள். அதே நிரல் "குடும்பத்தில் நீரிழிவு" என்ற வரியிலிருந்து "நீரிழிவு" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. தாய்க்கு இருந்த நோயை மகளின் கணக்கில் எழுதிய கதைதான் அது. ஸ்னோமெட்டில் குடும்பத்தில் நீரிழிவு இருப்பதற்கென்றே தனிக் கருத்து இருக்கிறது. ஐயம், மறுப்பு, முன்பு இருந்தது, உறவினருக்கு இருப்பது ஆகிய நான்கையும் பிரித்தறியாமல் நோய்ப் பெயரை மட்டும் பொறுக்கும் எந்தக் கருவியையும் நோயாளிப் பதிவின் அருகில் விடாதீர்கள்.

எழுத்தொப்புமை பார்த்துப் பெயர்களைப் பொருத்தும் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். எழுத்து வேறுபாட்டைக் கணக்கிட்டு மதிப்பெண் போடும் அந்தக் கருவி, 'ஹைபோகலீமியா'வையும் 'ஹைபர்கலீமியா'வையும் மிக நெருங்கிய சொற்கள் என்று பரிந்துரைத்தது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது ஒன்று, மிகுவது மற்றொன்று. மருந்து நேர் எதிர். மருத்துவச் சொற்களில் எழுத்தால் அருகில் இருப்பவை பொருளால் எதிரிகளாக இருப்பது அடிக்கடி நடக்கும். மறுபக்கம், பாரசிட்டமால், அசிட்டமினோஃபென் என்ற இரண்டுக்கும் எழுத்தில் ஒற்றுமை தேட வேண்டியதே இல்லை. இரண்டும் ஒரே மருந்து. சால்புடமாலும் அல்புட்டெராலும் அப்படியே. இரு பெயர்களில் ஒரே மருந்து எழுதப்பட்டிருந்த ஒருவருக்கு இரட்டிப்பு எச்சரிக்கை எழாமல் போனதை ஒரு மருந்தாளுநர்தான் கவனித்துச் சொன்னார். கருவி தரும் பரிந்துரை தேடலைச் சுருக்க உதவும். முடிவை அதன் கையில் கொடுக்கக் கூடாது.

சுருக்கெழுத்துகளை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. 'எம்.எஸ்.' என்பது நரம்பியலில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இதயவியலில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், மருந்துச் சீட்டில் மார்ஃபின் சல்ஃபேட்டா மக்னீசியம் சல்ஃபேட்டா என்று தெரியாத ஒன்று. எந்தத் துறையிலிருந்து குறிப்பு வந்தது என்ற தகவலைச் சேர்த்து அனுப்பாத அமைப்பில் இவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவே எங்கள் ஒரு மாத உழைப்பைத் தின்றது எக்செல். மருத்துவமனைகளுக்கும் எங்களுக்கும் இடையே எல்லாமே விரிதாளில்தான் போய்வந்தன. சி-ரியாக்டிவ் புரதத்தின் லோயிங்க் குறியீடு 1988-5. எக்செல் அதை 1988-ஆம் ஆண்டு மே மாதம் என்று புரிந்துகொண்டு தேதியாக மாற்றிவிட்டது. ஐசிடி-11-இல் வைரஸ் கண்டறியப்படாத இன்ஃப்ளுயன்சாவின் குறியீடு 1இ32. நடுவில் இருப்பது ஆங்கில E; எண்களுக்கு நடுவே அது வந்தால் எக்செல் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். அதை எக்செல் ஒன்றுக்குப் பின்னால் 32 சுழியங்கள் கொண்ட எண்ணாக எழுதிக் காட்டியது. இவையாவது பார்த்தவுடன் தெரிந்தன. ஸ்னோமெட் எண்கள் 18 இலக்கம் வரை போகலாம். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை, மீதியைச் சுழியமாக்கிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியான எண்களாகத்தான் இருந்தன. எங்களைக் காப்பாற்றியது ஸ்னோமெட் எண்ணின் கடைசி இலக்கம். மற்ற இலக்கங்களிலிருந்து வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் அது. கோப்பை ஏற்றுவதற்கு முன் அந்தச் சரிபார்ப்பை ஓட்டியபோது, ஒரு மருத்துவமனையின் நீண்ட எண்கள் வரிசையாகத் தோற்றன. அன்றிலிருந்து குறியீடு இருக்கும் நெடுவரிசை எதுவானாலும் அதை உரை வடிவமாக மாற்றிய பிறகே தரவை உள்ளிட வேண்டும், சரிபார்ப்பில் தேறாத ஒரு வரி இருந்தாலும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வைத்தோம். இந்த இரண்டாவது விதிக்கு எதிர்ப்பு வந்தது; விட்டுக்கொடுக்கவில்லை.

பொருத்தும் வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதையும் மாற்றினோம். இப்போது ஒவ்வொரு சொல்லையும் இருவர் தனித்தனியாக, ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் பொருத்துகிறார்கள். ஒருவர் மருத்துவப் பின்னணி உள்ளவர், மற்றவர் தரவுப் பின்னணி உள்ளவர். மாறுபடும் இடங்கள் மட்டும் மூன்றாமவரிடம் போகும். பொருத்தம் சரியா தவறா என்று மட்டும் எழுதுவதில்லை. இணையானதா, நம் சொல்லைவிடப் பரந்ததா, குறுகியதா, அல்லது பொருத்தமே இல்லையா என்று எழுதுகிறோம். மருத்துவத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்காக ஹெச்எல்7 அமைப்பு வகுத்த ஃபையர் தரநிலையில் இந்த உறவைக் குறிப்பதற்கே இடம் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்தக் கட்டத்தை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு 'இணை' என்று நிரப்பிக்கொண்டிருந்தோம். 'பொருத்தம் இல்லை' என்று எழுத அனுமதி கிடைத்த பிறகு எங்கள் குழுவின் தரம் கூடியது என்பது என் கணிப்பு. நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்த நாட்களில்தான் எல்லாவற்றையும் அருகிலிருந்த ஏதோ ஒன்றில் தள்ளினோம்.

மூலச் சொல்லை ஒருபோதும் அழிப்பதில்லை என்பது எங்களிடம் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. ஃபையர் வடிவில் ஒரே இடத்தில் பல குறியீடுகளையும், மருத்துவர் எழுதிய சொற்களை அப்படியே உரையாகவும் வைக்கலாம். உள்ளூர்க் குறியீடு, பொதுக் குறியீடு, எழுதியவரின் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தே பயணிக்கின்றன. நீரிழிவுப் பொருத்தங்களைத் திரும்பப் பெற முடிந்ததும், கேள்விக்குறிகளை மீட்க முடிந்ததும் மூலம் பத்திரமாக இருந்ததால்தான்.

விடை மதிப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோதனைப் பெயரை ஒழுங்காகப் பொருத்திவிட்டு, விடையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பயனில்லை. 'பாசிட்டிவ்', அதன் சுருக்கமான 'பாஸ்', '+', 'ரியாக்டிவ்', '1+' என்று வந்தவற்றைச் சேர்ப்பது ஓரளவு எளிது. '1+' என்பதை வெறும் 'பாசிட்டிவ்' ஆக்கினால் தரவரிசை தொலைந்துபோகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எங்களைத் திணறடித்தது 'நில்' (Nil) என்ற ஆங்கிலச் சொல். சிறுநீர்ப் புரதத்துக்கு எதிரே ஓர் ஆய்வகம் 'நில்' என்று எழுதினால், பார்த்தோம், இல்லை என்று பொருள். இன்னோர் ஆய்வகத்தில், அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

ஒரு முறை பொருத்திவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. லோயிங்க் ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஸ்னோமெட்டின் பன்னாட்டுப் பதிப்பு இப்போது மாதந்தோறும் வருகிறது. கருத்துகள் செயலிழக்கின்றன, அவற்றுக்குப் பதில் எது என்ற குறிப்பும் கூடவே வரும். பழைய எண்ணை வேறு எதற்கும் மறுபடி பயன்படுத்துவதில்லை என்பதால் பழைய பதிவுகள் பொருள் மாறாமல் இருக்கும். வெளித் தொகுதிகளைவிட எங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது மருத்துவமனைகளின் உள்மாற்றம்தான். ஓர் ஆய்வகம், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் சோதனையின் கிட்டை உயர் உணர்திறன் வகைக்கு மாற்றியது; பெயரையும் உள்ளூர்க் குறியீட்டையும் மாற்றவில்லை. மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றிருந்தது லிட்டருக்கு நானோகிராம் ஆனது. 0.02 என்று வந்துகொண்டிருந்த இடத்தில் 14 வந்தது. இந்த முறை அலகுக் கட்டம் நிரப்பப்பட்டிருந்ததால் எங்கள் வாயிலிலேயே பதிவு நின்றுவிட்டது; அமைப்பு எதிர்பார்த்த அலகு வேறு, வந்த அலகு வேறு. பழைய வரியைத் திருத்தாமல் அதற்கு முடிவு நாள் இட்டு மூடிவிட்டு, புதிய கிட்டுக்குப் புதிய வரி தொடங்கினோம். திருத்தியிருந்தால் முந்தைய மதிப்புகள் அத்தனையும் புதிய சோதனையின் மதிப்புகளாகத் தோன்றியிருக்கும். இப்போது ஒவ்வொரு ஆய்வகத்திலும் இதற்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறார். கிட்டு மாறுவதற்கு முன்பே அவரிடமிருந்து தகவல் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரும்பாலும் வருகிறது.

பொருத்தப்படாத சொற்களின் பட்டியல் ஒன்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் 'சிறப்பு-2' என்று ஒரு சோதனை. பல ஆண்டுகளாக விடைகள் வந்திருக்கின்றன, எல்லாம் ஒன்றுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட எண்கள், அலகு இல்லை. அதை உருவாக்கியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்; அந்த ஆய்வகத்தில் இப்போது இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அந்த விடைகளை எங்கள் அமைப்பு மூலப் பெயரோடு அப்படியே காட்டுகிறது. வரைபடத்தில் சேர்ப்பதில்லை, எச்சரிக்கை எழுப்புவதில்லை. அந்த வரிக்கு எதிரே குறியீட்டுக் கட்டம் காலியாகவே இருக்கிறது.